குடிசைக் காசு



பிரித்தானிய நூதனசாலைக்கு இன்னும் போகாதவர்கள் ஒரு சனிக்கிழமையை அதற்கென ஒதுக்குங்கள். உள்ளே போகக் காசு இல்லை. சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போனால் பஸ் செலவு மட்டும்தான்.

அங்கே காசுகளுக்கென்றே ஒரு கூடம் உண்டு. இந்த நாட்டை உரோமர் ஏறத்தாழ 370 வருடம் ஆண்டார்கள். இலண்டனிலேயே அவர்களின் நாணயச்சாலை ஒன்று 325ஆம் ஆண்டளவு வரை இயங்கியது. பொன்னும் வெள்ளியும் பெரியவர்களுக்கு. பாண் வாங்குகிறவன் கையில் இருந்தது வெண்கலச் சில்லறைதான். ஒரு பக்கம் மன்னர் தலை. மறுபக்கத்துப் படம்தான் அக்காலத்துப் பத்திரிகை: வென்ற சண்டை, கோட்டை வாசல், குதிரையால் விழும் எதிரி.

அவற்றில் ஒன்றை மறக்க முடியவில்லை. 348ஆம் ஆண்டளவில் அடித்தது. மரத்தடியில் ஒரு குடிசை. கையில் ஈட்டியுடன் ஒரு போர்வீரர், குடிசைக்குள் இருந்து ஒரு சின்ன உருவத்தைக் கைபிடித்து வெளியே கொண்டுவருகிறார். சுற்றிவர, நல்ல காலம் திரும்பியது என்ற கருத்தில் லத்தீன் எழுத்து. சின்ன உருவம் பிள்ளை அல்ல. அந்நியரை உரோமர் அப்படித்தான் சிறிதாக்கிக் காட்டுவர். கொன்ஸ்தான்ஸ் என்ற பேரரசர் பிராங்கியரைத் தம் எல்லைக்குள் குடியேற்றியதையே இது குறிக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

பழங்காசுக் கடையொன்றில் இதை அண்மையில் வந்த ஒரு குடும்பத்துக்குக் காட்டினேன். மகன் கேட்டான்: "மாமா, இவர் அவனைக் காப்பாத்துறாரோ, பிடிச்சுக்கொண்டு போறாரோ?"

"காப்பாத்த வந்தவருக்கு ஈட்டி என்னத்துக்கு?" என்றார் தாய்.

எனக்குப் பதில் வரவில்லை. காசு அடித்தவர் மன்னர். குடிசைக்காரரைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

இலங்கையிலும் உரோமரின் இத்தகைய சின்ன வெண்கலக் காசுகள் ஏராளமாய்க் கிடைத்துள்ளன. பெரும்பாலும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக்குரியவை. அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்த காசுகளும் உண்டு. 1917 தொடக்கம் போல் பீரிஸ் ஆராய்ந்த கந்தரோடையிலும் உரோமக் காசு வந்தது.

அந்தத் தாய்க்குச் சுன்னாகம். கந்தரோடை கூப்பிடு தூரம்.

"மழை விட்டாப் பிறகு பச்சை பிடிச்ச காசு பொறுக்கியிருக்கிறம். ஊத்தையெண்டு அம்மா எறியச் சொல்லிப்போட்டா," என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தபடி, "குடிசை இருந்ததோ எண்டு அப்ப பார்க்கேல்லை."