பிறகு தேடிக்கொள்ளலாமாம்!

"இணையத்தில்தான் இருக்கிறதே, வேண்டும்போது தேடிக்கொள்ளலாம்" என்னும் சொல் நம் இறைமக்களிடையே விசுவாசக் கோட்பாடுபோல் வேரூன்றிவிட்டது. இதை மறுக்காமல் இருப்பதற்கில்லை. தேடுபொறி நூலகம் அன்று; நேற்று வைத்த தட்டில் இன்று வேறொன்றைப் பரப்பும் கடை. அதே சொல்லை இட்டாலும் அதே பக்கம் வரும் என்பதற்கு எவரும் பிணை நிற்பதில்லை.

2019 கோடையில் நம் புழல் ஏரி வறண்டபோது எத்தனை செய்திகள், எத்தனை படங்கள் கைபேசியில் பார்த்தோம்! எந்த இதழ், எந்த நாள் என்று குறித்துவைத்தவர் எத்தனை பேர்? குறிக்காதவர்கள் வாட்ஸ்அப் குவியலில் இன்று கைவிட்டுத் துழாவுகின்றனர்.

முகவரியைக் குறித்தால் போதுமோ? அதுவும் போதாது. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது, அங்கே தமிழர் எழுதிவைத்த பக்கங்களும் மறைந்தன. இணைய ஆவணக் காப்பகம் போன்றவை படியெடுத்தவை மட்டுமே பிழைத்தன. மற்றவற்றுக்கு வெறும் முகவரியே மிஞ்சிற்று.

ஆலய அலுவலகத்துத் திருமுழுக்குப் பதிவேட்டைப் பாருங்கள். ஆண்டைச் சொன்னால் பாட்டனார் பெயரும் சில நிமிடங்களில் அகப்படும். எழுதியவர் கெட்டிக்காரர் என்பதாலா? இல்லை, நாளும் எண்ணும் இட்டு எழுதினார், அவ்வளவே. நல்ல மறையுரையோ மருத்துவக் குறிப்போ கண்ணில் பட்டால் தலைப்பு, எழுதியவர், நாள் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். நாற்பது பக்கக் குறிப்பேடு போதும்.