குரோமியத்துக்குத் தீட்டு கிடையாதா?

நாம் தொட்ட கிணறு தீட்டு. இறைத்துக் கொட்டிக் கழித்தார்கள். கிணற்றையே விட்டு விலகிப் போனார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கழிவு இறங்கிய கிணறுகளுக்கு யாரும் தீட்டுக் கழித்ததாக நான் கேட்டதில்லை. முதலாளி கலந்த தீட்டுக்குப் பேர் அந்நியச் செலாவணி.

தோலைப் பதனிட குரோமியம் சல்பேட் போடுகிறார்கள். தோலில் ஏறாத பங்கு தண்ணீரோடு வெளியே வருகிறது. இது மூன்று இணைதிறன் குரோமியம். சுண்ணாம்பு போட்டால் அடியில் படிந்துவிடும். ஆறு இணைதிறன் உள்ளது வேறு ரகம். படியாது, கரைந்து நிலத்தடியில் ஊர் விட்டு ஊர் போகும். புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேலான கழிவிலிருந்து கசிந்தது இதுதான். முதலில் இரும்பு சல்பேட் கலந்து ஆறை மூன்றாக்க வேண்டும், அப்புறம்தான் சுண்ணாம்பு. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. 'காய்ச்சிக் குடிங்கம்மா' என்று சேரிக்கு வந்து சொல்கிறவர்களே, காய்ச்சினா தண்ணிதான் சுண்டும், குரோமியம் சட்டியிலேயே கெடக்கும்.

இஞ்சினியர்கள் இதை 'நீக்கம்' என்கிறார்கள். எங்கே நீங்கியது? உலோகம் அழியாது. தண்ணீரை விட்டுக் கசடுக்குப் போகிறது. கசடை அள்ளுவது யார்? பச்சைத் தோல் சுமந்த அதே கைகள்தான். இப்போது கூடவே வடக்கேயிருந்து வந்த கூலிகள். 2015 ஜனவரி 31 விடிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் உட்பட 10 பேர் அந்தச் சகதியில் செத்தார்கள். 9 பேர் மேற்கு வங்கத்துக்காரர்கள். நீங்கள் நீக்கியது அவர்கள் மூக்கிலும் வாயிலும் போய் அடைத்தது.

1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டும் என்றது. கம்பெனிக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. பத்தாயிரம்! 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

'மூடு' என்கிற சூழல் நண்பர்களே, மூடின மறுநாள் எங்க வீட்டு உலைக்கு அரிசி எங்கே? 'மூடாதே, வேலை போகும்' என்கிற முதலாளியே, அந்தத் தொட்டிக்குள் உன் மகனை இறக்குவாயா? கண்காணிப்புக் குழுவில் கசடு அள்ளுகிறவனை உட்கார வையுங்கள். சேரிக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு குரோமியம் என்று மாதாமாதம் அளந்து, சேரியிலேயே, தமிழில் எழுதி ஒட்டுங்கள்.