பிள்ளையின் சிகிச்சை இரண்டு வருடம், நமது உதவி இரண்டு வாரமா?

நோயுற்ற பிள்ளையின் படம், வைத்திய அறிக்கையின் பிரதி, பள்ளிவாசல் நிர்வாகத்தின் உறுதிக் கடிதம், கீழே வங்கிக் கணக்கிலக்கம். இப்படியான செய்திகள் நமது வட்ஸ்அப் குழுக்களுக்கு அடிக்கடி வருகின்றன. நமது மக்கள் கொடுக்கவும் செய்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் அனுப்புகிறார்கள், ஜும்ஆவுக்குப் பின் வாசலில் துணி விரித்துச் சேர்க்கிறார்கள். தொகை சேர்ந்ததும் நன்றி சொல்லி இன்னொரு செய்தி வரும். அத்தோடு அந்தக் குடும்பம் நமது பேச்சிலிருந்து மறைந்து விடுகிறது.

ஆனால் சிகிச்சை அப்போதுதான் தொடங்கியிருக்கும். பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு இரண்டு முதல் மூன்று வருடம் வரை மருந்து தொடர வேண்டும். முதல் மாதங்களின் பெரும்பகுதி வாட்டிலேயே கழியும். பிறகு வீட்டுக்கும் கிளினிக்குக்குமான அலைச்சல். மருந்தினால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், சாதாரண காய்ச்சல் என்றாலும் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

நான் கற்பிக்கும் உடப்புப் பகுதியிலிருந்து இந்த ஓட்டம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பத்துளுஓயாச் சந்திக்கு வந்து, சிலாபம் வழியாகக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். உடப்பு கரைவலையை நம்பி வாழும் தமிழ்க் கிராமம். பக்கத்தில் கொத்தாந்தீவு, கனமூலை போன்ற நமது ஊர்கள். கடலுக்குப் போனால் பங்கு, கூலிக்குப் போனால் சம்பளம். போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. தாய் பிள்ளையோடு வாட்டில் இருக்க, தந்தை வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைய, மற்றப் பிள்ளைகள் உம்மம்மாவின் வீட்டில் வளர்கிறார்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அது இந்த நாட்டின் பெரிய பேறு. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான் அதன் அருமை நமக்குப் புரிந்தது. ஆனால் பஸ் காசு, வெளியில் வாங்கும் சாப்பாடு, தங்குமிடம், இழந்த கூலி ஆகியவற்றை எந்த வைத்தியசாலையும் தருவதில்லை. குடும்பங்கள் கடனில் விழுவது இங்கேதான்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி வருடந்தோறும் சுமார் 4 இலட்சம் சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 வீதத்துக்கும் குறைவானோரே பிழைக்கிறார்கள். தாமதமாகக் கண்டறிவது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு சிகிச்சையை இடையில் கைவிடுவதும் இதற்கு ஒரு காரணம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. இந்தக் காரணங்களில் ஓர் ஊர் தன் சொந்தக் கையால் தடுக்கக் கூடியது கடைசியாகச் சொன்னதையே.

நமது சமூகத்துக்கு மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மகரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேனர் வாங்க 2016இல் ஒரு முஸ்லிம் தந்தை முன்னின்று நிதி சேர்த்தபோது, சகல இனத்தவரும் சேர்ந்து 20 கோடி ரூபாவுக்கு மேல் கொடுத்தார்கள். இயந்திரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். குடும்பத்துக்கு மாதா மாதம் தேவை. நமது பழக்கம் முதலாவதற்கே பழகியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஐம்பது வீடுகள் மாதம் 500 ரூபா வீதம் கொடுத்தால் 25,000 ரூபா. இருபத்து நான்கு மாதத்தில் 6 இலட்சம். ஒரு வாரப் பரபரப்பில் சேர்வதை விட இது குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் பதினெட்டாவது மாதத்திலும் அந்தத் தாயின் கையில் பஸ் காசு இருக்கும். முதல் வாரத்தில் அவசரக் கடனை அடைக்க மொத்தமாகப் பணம் தேவைப்படுவது உண்மைதான். அதைக் கொடுத்துவிட்டு மீதியை மாதக் கணக்கில் பிரிக்கலாம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் வழிப்போக்கரும் இருக்கிறார்கள். இக்குடும்பங்கள் எதில் அடங்கும் என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். ஸதகாவுக்கு அந்தக் கேள்வியும் இல்லை. உடப்பிலுள்ள இந்துச் சகோதரரின் பிள்ளைக்கும் அது சேரலாம். கிளினிக் நாளில் இரு ஊர்த் தாய்மாரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

அரசின் கதவுகளையும் தட்ட வேண்டும். வைத்திய உதவிக்கு ஜனாதிபதி நிதியத்தில் விண்ணப்பிக்க முன்னர் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். நமக்கு அது முந்தல் பிரதேச செயலகம். படிவம் நிரப்பவும், வைத்திய அறிக்கையைத் தாய்க்கு விளக்கவும், வைத்தியரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். இதற்குப் பணமே தேவையில்லை.

தங்குமிடத்துக்கும் முன்மாதிரிகள் உண்டு. மகரகமவில் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளையின் 'சுவ அரண' இல்லம் சிறுவர்களையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்க வைக்கிறது. இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் நிலையங்கள் இன்று சென்னையிலும் இயங்குகின்றன. அங்கே குடும்பம் தானே சமைத்துக் கொள்ளலாம். கொழும்பில் வசதியுள்ள நமது வீடுகளில் ஓர் அறையைக் கொடுக்க எத்தனை பேர் தயார்?

ஆசிரியை என்ற முறையில் இரண்டு விடயங்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் நோய் வந்தால் வகுப்பில் முதலில் வெறுமையாவது மூத்த நானாவின், ராத்தாவின் கதிரைகள்தான். அவர்களுடைய கொப்பி, பிரத்தியேக வகுப்புக் கட்டணம் ஆகியவையும் உதவியின் கணக்கில் வர வேண்டும். மற்றது அந்தப் படம். பிள்ளை குணமாகி முடி வளர்ந்து வகுப்புக்குத் திரும்பிய பிறகும், மொட்டைத் தலையோடு கட்டிலில் கிடக்கும் படம் மற்றப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இருக்கும். பள்ளிவாசல் விசாரித்து உறுதிப்படுத்தினால் போதாதா? நமது நம்பிக்கைக்காக ஒரு பிள்ளையின் முகத்தை ஏன் கேட்கிறோம்?

வரும் ஜும்ஆவுக்குப் பின் ஒவ்வொரு மஹல்லா நிர்வாகமும் ஒரே ஒரு பட்டியல் எழுதட்டும். நமது ஊரில் இப்போது சிகிச்சையிலிருக்கும் பிள்ளைகள் யார், அவர்களுக்கு இது எத்தனையாவது மாதம், கடைசியாக யார் அந்த வீட்டுக்குப் போனார்கள் என்று.