போயும் போகாத அரியண்டம்

ஸ்கானரைக் கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று. அதற்குரிய மென்பொருளையும் கொன்ட்ரோல் பனலுக்குள் போய் முறைப்படி அகற்றியாயிற்று. வெற்றிகரமாக அகற்றப்பட்டது என்று அதுவே அறிவித்தும் விட்டது. ஆனாலும் கொம்பியூட்டரைப் போடுகிற நேரமெல்லாம் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து குந்துகிறது. மேலே 'ரன்டிஎல்எல்' என்று தலைப்பு, கீழே பழைய ஸ்கானரின் கோப்புப் பெயர், குறிப்பிட்ட மொடியூலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றொரு முறைப்பாடு. எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அகற்றியாயிற்றே!

'சரி' என்பதை அமத்திவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். என்னுடையது வீட்டோடு சேர்ந்த சின்ன ரைப்செற்றிங் கடை. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் அடுப்பு எரிவது கல்வெட்டுகளால். ஒருவர் செத்த 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு இந்த நினைவு மலர் அச்சாகி அந்த வீட்டு வாசலுக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் குப்பை. குடும்பத்தார் கொண்டுவரும் படம் அடையாள அட்டைக்கு எடுத்ததாக இருக்கும், அல்லது அல்பத்திலிருந்து உரித்ததாக இருக்கும். ஸ்கானர் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. கனடாவிலிருக்கும் மகள் வட்ஸ்அப்பில் பிழை திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்க, இங்கேயுள்ள மகன் பக்கத்துக் கதிரையில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதுதான் அந்தப் பெட்டி வரும்.

"அண்ணை, உது வைரஸோ? அப்பான்ரை படம் அழிஞ்சு போகாதோ?"

செத்த வீட்டுக்காரருக்கு ரன்டிஎல்எல் பற்றி விளக்கம் சொல்லிப் பாருங்கள்.

நாளுக்கு ஒருமுறை என்றால் பொறுக்கலாம். கார்த்திகை மழையும் மின்னலும் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவதும் போடுவதுமே வேலை. கறண்ட் போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கும், திரும்ப ஒருமுறை பெட்டி. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு நடந்த நாட்களிலும், கறண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் ஓடிப்போய் கொம்பியூட்டரைப் போட்டால் முதலில் வரவேற்றது இந்த மாதிரி ஒரு பெட்டிதான். அது ஸ்கானருடையது அல்ல, அதற்கு முந்திய டொங்கிள் ஒன்றுடையது. உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு இங்கே பல வீடுகளுக்கு இன்ரநெற் வந்ததே டொங்கிளோடுதான். செருகியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டு, தன் மென்பொருளைத் தானே இன்ஸ்ரோல் பண்ணத் தொடங்கும். கொம்பனியை மாற்றினால் அடுத்ததும் அப்படியே வரும். முந்தியது போகாது.

ஏன் போகாது? விண்டோஸுக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஓர் ஏடு இருக்கிறது. கொம்பியூட்டர் எழும்பும்போது எவற்றையெல்லாம் எழுப்ப வேண்டும் என்று அதில் 'ரன்' என்ற பகுதியில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளையின் பெயரை இடாப்பில் வெட்டாமல் விட்டால், வாத்தியார் காலையில் கூப்பிடத்தானே செய்வார். அகற்றும் மென்பொருள், இன்ஸ்ரோல் பண்ணும்போது குறித்து வைத்ததை மட்டுமே அழிக்கும். பிறகு அப்டேற் என்ற பெயரில் சேர்ந்த வரிகள் அந்தக் குறிப்பில் இல்லாவிட்டால் அவை தப்பிவிடும். இன்னொரு கூத்தும் உண்டு. ரன் பகுதி முழுக் கொம்பியூட்டருக்கும் ஒன்று, ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் வேறொன்று. என் கணக்கிலிருந்து அகற்றினால் என் மகனுடைய கணக்கிலிருக்கும் வரி அசையாமல் கிடக்கும். 64 பிட் விண்டோஸில், பழைய 32 பிட் மென்பொருள்களின் வரிகள் வேறொரு கிளைக்குள் ஒளிந்திருக்கும். ஓரிடத்தில் தேடிவிட்டு இல்லையென்று சொல்லக்கூடாது.

ஆக, அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. ரவுணில் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் வைத்தியம் என்ன? "போமற் அடிச்சு விடுவம் அண்ணை, பிறகு ஒரு கரைச்சலும் இல்லை." வரி ஒன்றுக்காக முழு ஏட்டையும் கொளுத்துகிற வேலை. கரைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். பேஜ்மேக்கர் போகும், பாமினி எழுத்துருக்கள் போகும். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் பழைய கல்வெட்டுக் கோப்பைத் திறந்தால் சிவபுராணம் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கும். அம்மாவின் கல்வெட்டைச் செய்தவர்கள் சில வருடங்களில் அப்பாவுக்கும் அதே அமைப்பைக் கேட்டு வருவார்கள். டெஸ்க்ரொப்பில் வைத்திருந்த அந்தக் கோப்பை எங்கே போய்த் தேடுவது?

கடைப் பெடியனை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பெட்டியைக் கண்டதும் வைரஸ் என்று சந்தேகப்பட்டு அவன் போமற் அடிப்பதற்கு ஒரு காலம் காரணமாக இருந்தது. 2008 கடைசியில் கிளம்பிய கொன்பிக்கர் பென் டிரைவ் வழியாகவும் தொற்றியது. டிஎல்எல் கோப்புகளை ஓட்டும் விண்டோஸின் ரன்டிஎல்எல்லைத்தான் அதுவும் குதிரையாக்கி ஓடியது. அன்ரிவைரஸ் கோப்பை அழித்துவிட்டு வரியை விட்டுவிட்டால், வருவதும் இதே பெட்டி, இதே வசனம். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாதுதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கோப்புப் பெயரையும் பாதையையும் வாசித்தால் பெரும்பாலும் விளங்கிவிடுமே. வாசிக்கத்தான் ஒருவரும் மினக்கெடுவதில்லை.

விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து டாஸ்க் மனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்றொரு பக்கம் இருக்கிறது. அங்கேயும் ஒரு சூட்சுமம். ஸ்கானரின் வரி ஸ்கானர் பெயரில் இராது. விண்டோஸின் சொந்தப் பிள்ளை மாதிரி, 'விண்டோஸ் ஹோஸ்ட் புரொசஸ்' என்று பெயர் போட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். மேல் வரிசையில் வலது கிளிக் செய்து 'கொமாண்ட் லைன்' என்பதைத் தெரிவுசெய்தால் உண்மையான கோப்புப் பெயர் வெளியே வரும். அங்கே அகப்படாததற்கு ஓட்டோரன்ஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெல்லும் எழுதியது. 2006இல் அவர்களுடைய கொம்பனியை மைக்ரோசொவ்ட் வாங்கியது, இன்றைக்கும் இலவசம். கோப்பு இல்லாத வரிகளை மஞ்சளாகக் காட்டும். டாஸ்க் ஷெடியூலருக்குள் பதுங்கியவையும் வரும். முதலில் 'சரி' அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டு, கொம்பியூட்டரைத் திரும்பப் போட்டுப் பார்த்து, பிறகு அழிக்கலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இதை விட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரியைக் கழுவித் தருகிறோம் என்கிற மென்பொருள்களை இறக்குகிறவர்களும் உண்டு. காணாமல்போன டிஎல்எல்லை ஏதோவொரு தளத்தில் எடுத்துப் போடுகிறவர்கள் அதைவிடத் துணிச்சல்காரர். போன சனியனைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருவதற்குப் பெயர் திருத்தமா?

எனக்கு விசர் வருவது இவர்களில் அல்ல, ஸ்கானர் செய்கிறவர்களில். ஏற்றும்போது எத்தனை கவனம்! எந்த மூலையில் எந்த வரியை எழுதினால் தான் எப்போதும் எழும்பி நிற்கலாம் என்று தெரிந்த ஆளுக்கு, அதே வரியை அழிக்கத் தெரியாதா? தெரியும். வித்தாயிற்று, இனி ஆர் கேட்கப் போகிறார்கள்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பழைய ஸ்கானர், பிரின்ரர் எத்தனைக்குப் புது விண்டோஸுக்கு டிரைவர் வராதோ, அத்தனையையும் சனம் கழற்றும். கழற்றுகிறவை ஆளுக்கொரு வரியை விட்டுப் போகும். போமற் கடைகளுக்கு நல்ல காலம்.

புது ஸ்கானர் வந்துவிட்டது. அதன் இன்ஸ்ரோல் பக்கத்தைத் திறந்தால், படம் அழகாக்க ஒன்று, மை வாங்கும் கடைக்கு ஒன்று, அப்டேற் பார்க்க ஒன்று என எல்லாவற்றுக்கும் அவர்களே 'சரி' போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனேன். கடைசியாக இருந்தது கொம்பியூட்டரோடு சேர்ந்து எழும்புகிற ஒன்று. அதற்கு முன்னால் மட்டும் 'சரி'யை எடுக்க ஒரு கட்டம்கூட இல்லை.