விலை சொல்பவரே வாங்கலாமா?

செமஸ்டர் லீவில் வேலைவெட்டி இல்லாமல் யூடியூபில் மேய்ந்தபோது மாட்டியது 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ'. பிபிசியில் 1979-ல் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பிபிஎஸ் 1997-ல் தன் பங்குக்கு ஒன்று தொடங்கியது. விஷயம் ரொம்ப எளிது. ஓர் ஊருக்கு நிபுணர்கள் வருவார்கள். ஊர்க்காரர்கள் பரணில் கிடந்தது, பாட்டி விட்டுப்போனது, சந்தையில் சல்லிசாக வாங்கியது எல்லாவற்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுவார்கள். நிபுணர் திருப்பிப் பார்த்து, கதை கேட்டு, கடைசியில் விலை சொல்வார்.

2001-ல் அரிசோனாவின் டூசான் ஊரில் ஒரு பெரியவர், வீட்டில் நாற்காலி மேல் போட்டு வைத்திருந்த கம்பளி ஒன்றைக் கொண்டுவந்தார். நவாஹோ பழங்குடியினர் 19-ம் நூற்றாண்டில் நெய்தது. நிபுணர் சொன்ன மதிப்பு மூன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் டாலர் வரை! அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான் :)

"இதெல்லாம் பேராசையைத் தூண்டும் லாட்டரி" என்றான் என் ரூம்மேட். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் சரக்கிருப்பை மதிப்பிட ஒரு விதி உண்டு: அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அது. இங்கே பாட்டி கொடுத்ததற்கு அடக்க விலை பூஜ்யம். சந்தை விலையோ ஒன்றல்ல. ஏலத்தில் ஒன்று, கடையில் ஒன்று, இன்சூரன்ஸுக்கு ஒன்று. நல்ல நிபுணர் எந்த விலையைச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அடிப்பாகத்தைக் காட்டி, முத்திரையைக் காட்டி, ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, ஏன் இந்த விலை என்றும் விளக்குகிறார். மூன்று வருட பி.காமில் எனக்கு ஏறாதது நாலு எபிசோடில் ஏறியது.

நிபுணர்கள் தப்பே செய்வதில்லையா? செய்கிறார்கள். ஒருவர் 300 டாலருக்கு வாங்கிய கோரமுகம் கொண்ட ஒரு ஜாடியை, 100 வருடத்துக்கு மேல் பழசு, 30 முதல் 50 ஆயிரம் டாலர் பெறும் என்றார் நிபுணர். 2016-ல் ஒளிபரப்பான பிறகுதான் தெரிந்தது, அது 1970-களில் ஒரு பள்ளி மாணவி வகுப்பில் செய்தது என்று. 3 முதல் 5 ஆயிரம் டாலர் என்று மதிப்பைக் குறைத்து, தப்பையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். இந்த மாதிரித் தப்பை மன்னித்துவிடலாம். நிபுணருக்கு அதில் பத்து பைசா லாபம் கிடையாது.

மன்னிக்க முடியாதது இன்னொன்று. அமெரிக்க நிகழ்ச்சியில் பழைய போர் ஆயுதங்களுக்கு விலை சொல்லிவந்த இரண்டு பேர், 'தர்பூசணி வெட்டப் பயன்பட்ட வாள்' என்று ஒரு கதையைத் தெரிந்த ஆளை வைத்து நாடகமாகவே ஆடினார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் புகழைக் காட்டி, உள்நாட்டுப் போர்த் தளபதி பிக்கெட்டின் வாரிசிடம் குடும்பப் பொருட்களை எண்பதாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கி, ஓர் அருங்காட்சியகத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் விற்றார்கள். வழக்கு நடந்தது. 2002-ல் அவர்களில் ஒருவருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது.

பொருளாதாரப் பாடத்தில் அக்கர்லாஃப் என்று ஒருவர் வருவார். பழைய கார் விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் சந்தையே கெட்டுப்போகிறது என்று 1970-ல் எழுதி, 2001-ல் நோபல் பரிசு பெற்றவர். பழம்பொருள் சந்தையில் இது அப்படியே தலைகீழ். வாங்குபவனுக்கு எல்லாம் தெரியும், விற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் விலையையும் வாங்குபவனே சொன்னால்?

இது எனக்கு வெறும் தியரி இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது அம்மா அதைப் பாத்திரக்கடையில் போட்டு எவர்சில்வர் குடமும் கொஞ்சம் ரூபாயும் வாங்கிவந்தார். கடைக்காரர்தான் எடை போட்டார், அவர்தான் சேதாரம் கழித்தார், அவர்தான் விலை சொன்னார், அவர்தான் வாங்கினார். அண்டாவின் கழுத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர் வெட்டியிருந்தது. அதுவும் கிலோ கணக்கில் போய்விட்டது. அந்த அண்டா லட்சம் பெறும் என்று நான் சொல்லவில்லை. பித்தளை விலைதான் பெற்றிருக்கும். ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து, "யாருங்க இந்தப் பேரு?" என்று கேட்டிருந்தால், அம்மா திரும்பத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்.

ஆகவே என் கட்சி இதுதான். மதிப்பு சொல்பவர் வேறு, வாங்குபவர் வேறு என்று இருக்க வேண்டும். கம்பெனியின் கணக்கை அதே கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் ஆடிட்டர் தணிக்கை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோமே, அதே நியாயம்தான். யாராவது உங்கள் வீட்டுப் பழைய பொருளுக்கு விலை சொல்லி, உடனே பர்ஸையும் எடுத்தால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஒருவரிடம் கேளுங்கள்.

அதற்கு முன்னால், பரணில் ஏறி எதில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டும் வையுங்கள்.