134ஆம் இடத்தின் மதிப்பு



2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த குடும்பங்கள் நம்மில் அநேகம். அதிகாலை இரயிலில் வந்து இரவில் வீடு திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. இவ்விதமாய் உழைக்கும் ஒரு தகப்பனிடம், "அப்பா, நான் டென்னிஸ் கற்றுக்கொள்ளட்டுமா?" என்று மகள் கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? "படிப்பைப் பாரம்மா, விளையாட்டு சோறு போடாது" என்பதே பெரும்பாலும் நம் வீடுகளில் கிடைக்கும் பதில். டென்னிஸ் என்பது சுரங்கத்துத் துரைமார்களின் ஆட்டம் என்ற எண்ணமும் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரியானது என்பதை, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கையைக் கொண்டு சிந்திப்போம்.

நிருபமா வைத்தியநாதன் 1976இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் ஆடியவரான அவருடைய தகப்பனார் கே.எஸ். வைத்தியநாதன், தாமே பிள்ளைகளுக்கு டென்னிஸ் பயிற்சி அளித்தார். அண்ணன்மாரோடு ஐந்து வயதில் மட்டையைப் பிடித்த அச்சிறுமி, பதின்ம வயதிலேயே தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். பின்பு தொழில்முறை ஆட்டக்காரியாக உலகெங்கும் பயணம் செய்தார்.

தொழில்முறை ஆட்டம் எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. இதில் மாதச் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஆகிய செலவுகள் ஆடுகிறவரையே சாரும். முதல் சுற்றில் தோற்றால் சிறு தொகை கிடைக்கும்; மேலே செல்லச் செல்லப் பரிசு கூடும். கடந்த 52 வாரங்களில் பெற்ற புள்ளிகளைக் கொண்டே உலகத் தரவரிசை கணிக்கப்படும். பெரும் போட்டிகளில் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுவர். ஏறக்குறைய முதல் நூறு இடங்களில் இருப்போர் நேரடியாக நுழைவர். மற்றவர்களில் பெரும்பாலோர் தகுதிச் சுற்றுகளில் வென்றே உள்ளே வரவேண்டும். நிருபமா எட்டிய மிக உயர்ந்த இடம் 134. அதாவது, கதவு தானாகத் திறக்கும் எல்லைக்குச் சற்று வெளியே.

ஆயினும் 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியில் அவர் இத்தாலியின் குளோரியா பிட்ஸிகினியை முதல் சுற்றில் வென்றார். லீலா ராவ் என்னும் இந்தியப் பெண் 1934லேயே விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றதுண்டு. ஆனால் 1968இல் இப்பெரும் போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரருக்குத் திறக்கப்பட்டபின், ஒற்றையர் பிரதானச் சுற்றில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் நிருபமாவே. அதே 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் பெற்றார். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம் ஆடினார்.

2005இல் சானியா மிர்சா அதே ஆஸ்திரேலியப் போட்டியில் மூன்றாம் சுற்றுவரை சென்றார்; 2007இல் உலகின் 27ஆம் இடத்தை எட்டினார். சானியாவின் பெயரை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே போட்டியில் வென்ற பெண்ணை அறிந்தவர்கள் சிலரே. முன்னே நடந்தவரின் உழைப்பு வீணல்ல என்பதற்கு இது போதுமான சாட்சி.

ஆட்டத்தை விட்டபின் நிருபமா சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. திருமணமாகி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறி, சிறுவர்களுக்கு டென்னிஸ் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு பிள்ளைக்குத் தாயானபின் 2010இல் மீண்டும் போட்டிக் களத்துக்கு வந்தார். 2013இல் 'மூன்பாலர்' என்ற தன்வரலாற்று நூலை வெளியிட்டார். பந்தை மிக உயரமாக அடித்து, எதிராளியின் பொறுமையைச் சோதிக்கும் அடிக்கு 'மூன்பால்' என்று பெயர்.

பெற்றோரே, இதிலிருந்து மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, விளையாட்டு அநேகருக்குச் சோறு போடாது என்பது உண்மையே. ஆகையால் படிப்பை விட்டுவிடச் சொல்லாதீர்கள்; வீட்டை அடகு வைத்துப் பிள்ளையின்மேல் பாரத்தைச் சுமத்தாதீர்கள்.

இரண்டாவது, முதலிடம் கிடைக்காத உழைப்பைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். உலகில் 133 பேர் முன்னே நின்றபோதும், தம் தேசத்துப் பெண்களில் அவர் முந்தி நடந்தார். வகுப்பில் பத்தாவதாக வரும் மகளிடமும் இந்தக் கண்ணோடு பேசுங்கள்.

மூன்றாவது, மகள் வயதுக்கு வந்தவுடன், "இனி மைதானம் போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள். மகனுக்கு மாலையில் மட்டையும் பந்தும், மகளுக்குச் சமையலறையும் என்று வகுத்தவர்கள் நாமே. கொடுக்கப்பட்ட தாலந்து மகனுக்கும் மகளுக்கும் ஒன்றே. டென்னிஸுக்கு வசதி இல்லையென்றால் பள்ளி மைதானத்தில் கபடியோ, ஓட்டமோ, கைப்பந்தோ போதும். பட்டம் கிடைக்காமற்போனாலும், தோற்றபின் எழுந்து நிற்கப் பழகிய பெண்ணாக அவள் நாளை வேலைக்கும் வாழ்க்கைக்கும் செல்லுவாள்.

இந்த வாரம் மகள் கேட்டால், "போய் வா அம்மா, இருட்டுமுன் வந்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள்.