வெறிச்சோடிய தெருவும் நிரம்பிய பாலமும்

ராணுவம் டாங்கிகளோடு தலைநகருக்குள் புகுந்த இரவில் தெரு எப்படி இருந்தது என்பதை வைத்தே மக்கள் யார் பக்கம் என்று முடிவுகட்டும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. தெரு வெறிச்சோடிக் கிடந்தால், மக்களுக்கு அந்த அரசு புளித்துப்போயிருந்தது என்பார்கள். யாராவது சிப்பாய்க்குப் பூ நீட்டினால், மக்களே ராணுவத்தை அழைத்தார்கள் என்பார்கள். டாங்கிக்கு முன்னால் கூட்டம் படுத்துவிட்டால், ஆட்சியாளர் மீது ஜனங்களுக்கு அப்படியொரு பற்று என்று தலையங்கம் தயாராகிவிடும். இந்த மூன்று கணிப்புகளையும் அதே நாடுகளில் பின்னர் நடந்த தேர்தல் முடிவுகளோடு வைத்துப் பார்த்தால் மூன்றும் பொய்த்துப்போகின்றன.

தமிழில் சொல்லே பாதிக் குழப்பத்தைச் செய்துவிடுகிறது. ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்குப் பத்திரிகைகளில் 'ராணுவப் புரட்சி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. புரட்சி என்றாலே மக்கள் திரண்டு எழுந்தார்கள் என்ற பொருள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நள்ளிரவில் சில அதிகாரிகள் தொலைக்காட்சி நிலையத்தைப் பிடிப்பதற்கு அந்தச் சொல் அதிகப்படியான மரியாதை. வெறுமனே 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்றாலோ கட்சி தாவிய எம்.எல்.ஏ.க்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ராணுவக் கவிழ்ப்பு என்று சொல்வதே விஷயத்துக்கு நெருக்கமானது.

வெறிச்சோடிய தெருவுக்கு ஸ்பெயினைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1981 பிப்ரவரி 23 மாலை, லியோபோல்டோ கால்வோ சோட்டெலோவைப் பிரதமராக ஏற்பதற்கான வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோது, சிவில் கார்டு படையின் லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ சுமார் 200 வீரர்களுடன் அவைக்குள் நுழைந்தார். கைத்துப்பாக்கியோடு மேடை ஏறினார். மேற்கூரையை நோக்கிச் சுட்டார்கள். அந்தக் குண்டுத் துளைகளில் பல இன்னும் மூடப்படாமல் அப்படியே இருக்கின்றன. 350 பேர் கொண்ட அவையில் எல்லோரும் இருக்கைகளுக்கடியில் பதுங்க, பதவி விலகும் பிரதமர் சுவாரெஸ், துணைப் பிரதமர் குத்தியெரெஸ் மெயாதோ, கம்யூனிஸ்ட் தலைவர் கரியோ ஆகிய மூவர் மட்டும் பதுங்க மறுத்தார்கள். அதே நேரத்தில் வலென்சியாவில் ஜெனரல் மிலான்ஸ் டெல் போஷ் டாங்கிகளைத் தெருவில் இறக்கி ஊரடங்கு அறிவித்தார்.

மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அவைக்குள் மாட்டிக்கொண்ட ஒலிவாங்கிகள் வழியாக வந்துகொண்டிருந்த வானொலிச் செய்திக்குக் காதைக் கொடுத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பெயினில் அந்த இரவுக்கு 'டிரான்சிஸ்டர்களின் இரவு' என்றே பெயர். தொழிற்சங்க அலுவலகங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் உறுப்பினர் பட்டியலை ஒளித்துவைக்கவும் எரிக்கவும் ஓடினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து 42 ஆண்டுதான் ஆகியிருந்தது. சர்வாதிகாரி பிராங்கோ செத்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த வீடுகளில் பாட்டிமாருக்கு நேரில் தெரிந்த சங்கதி. நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு மேல் மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி அரசியலமைப்பின் பக்கம் நின்ற பிறகுதான் பலர் படுக்கப் போனார்கள்.

"மௌனம் சம்மதம்" என்பது பெண் பார்க்கும் வீட்டில் வேண்டுமானால் செல்லுபடியாகலாம். துப்பாக்கி நீட்டப்பட்ட வீட்டில் ஆகாது. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, கவிழ்ப்பு முயற்சியைக் கண்டித்து மாட்ரிடில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டதாக அப்போதைய செய்திகள் கூறின. பிராங்கோவிடம் அமைச்சராக இருந்த மனுவேல் ஃபிராகாவும் கம்யூனிஸ்ட் தலைவர் கரியோவும் ஒரே வரிசையில் முன்னால் நடந்தார்கள். 23 அன்று வீட்டுக்குள் இருந்தவர்களும் 27 அன்று தெருவில் இருந்தவர்களும் ஒரே மனிதர்கள்தான். இடையில் மாறியது அவர்கள் கருத்தல்ல, வெளியே வந்தால் சுடுவார்களா என்ற கேள்விக்கான விடை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் பொதுத் தேர்தல் வந்தது. தெஹேரோ சிறையில் இருந்தபடியே ஒரு கட்சி தொடங்கி நின்றார். இரண்டு கோடிக்கு மேல் பதிவான வாக்குகளில் அவர் கட்சிக்கு விழுந்தது முப்பதாயிரம்கூட இல்லை. சம்மதம் என்று சொல்லப்பட்ட மௌனத்தின் எடை அவ்வளவுதான். அந்தத் தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. கவிழ்க்கப்படவிருந்த ஆளுங்கட்சி 168 இடங்களிலிருந்து 11 இடங்களுக்குச் சரிந்தது. சோஷலிஸ்டுகள் 202 இடங்களைப் பிடித்தார்கள். அரசைத் துப்பாக்கியால் இறக்க விடாத மக்கள், வாய்ப்பு வந்ததும் தாங்களே இறக்கினார்கள். கவிழ்ப்பை எதிர்ப்பதும் ஆட்சியை விரும்புவதும் வேறுவேறு என்பதற்கு இதற்கு மேல் கணக்கு தேவையில்லை.

பூ நீட்டும் கூட்டத்தின் கதையும் இப்படித்தான் முடிகிறது. 2006 செப்டம்பரில் தாய்லாந்துப் பிரதமர் தக்சினை ராணுவம் அகற்றியபோது, பாங்காக்கில் டாங்கிகளுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். சிப்பாய்களுக்கு ரோஜா கொடுத்தார்கள். பிள்ளைகளை டாங்கியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தாய்லாந்தே மகிழ்கிறது என்று அந்தப் படங்கள் உலகைச் சுற்றின. படம் எடுக்கப்பட்டது பாங்காக்கில். தக்சினுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினர் இருந்தது வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள கிராமங்களில். 2007 டிசம்பரில் தேர்தல் வைத்ததும், தடைசெய்யப்பட்ட அவர் கட்சியின் மறு அவதாரம் 480 இடங்களில் 233ஐ வென்றது.

துருக்கி இதை அதற்கும் முன்பே பார்த்துவிட்டது. 1960 மே 27 அன்று, மூன்று தேர்தல்களில் வென்றிருந்த பிரதமர் மெண்டரஸை ராணுவம் கவிழ்த்தபோது, அங்காராவிலும் இஸ்தான்புல்லிலும் மாணவர்கள் சிப்பாய்களைக் கட்டித் தழுவினார்கள். 1961 செப்டம்பரில் மெண்டரஸ் தூக்கிலிடப்பட்டார். அடுத்த மாதமே நடந்த தேர்தலில், அவருடைய ஆதரவாளர்களின் வாக்கைக் குறிவைத்து நின்ற இரண்டு புதிய கட்சிகள் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதி வாக்குகளை அள்ளின. தெருவில் ஆடியவர்கள் நடிக்கவில்லை. அவர்கள் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அது அவர்களுடைய மகிழ்ச்சி மட்டுமே. வாயைத் திறக்காமல் கடையைச் சாத்திக்கொண்டு போனவர்களைக் கேமராவால் பிடிக்க முடியாது.

வெனிசுவேலாவில் 2002 ஏப்ரலில் நடந்ததோ தெருவில் நிற்கும் கூட்டமே மக்கள் என்ற நம்பிக்கையையே கேலிக்கூத்தாக்கியது. 11ஆம் தேதி கராகஸில் பெருங்கூட்டம் அதிபர் சாவேஸ் பதவி விலகக் கோரி ஊர்வலம் போனது. துப்பாக்கிச் சூடு நடந்து பலர் இறந்தார்கள். ராணுவம் சாவேஸைப் பிடித்துக்கொண்டு போனது. 12ஆம் தேதி வணிகர் கூட்டமைப்பின் தலைவர் பெத்ரோ கார்மோனா தன்னை அதிபராக அறிவித்து, நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் ஒரே ஆணையில் கலைத்தார். 13ஆம் தேதி வேறொரு பெருங்கூட்டம் அதிபர் மாளிகையைச் சூழ்ந்து சாவேஸைக் கேட்டது. தனியார் தொலைக்காட்சிகள் முதல் கூட்டத்தை இடைவிடாமல் காட்டின. இரண்டாவது கூட்டம் வந்தபோது கார்ட்டூன் ஓட்டின. 14ஆம் தேதி விடிவதற்குள் சாவேஸ் திரும்பிவிட்டார். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே நகரில் நின்ற இந்த இரண்டு கூட்டங்களில் எது மக்கள்? 2004இல் சாவேஸைத் திரும்ப அழைப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது விடை வந்தது: ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அவர் இருக்கட்டும் என்றது, இரண்டு பங்கு போகட்டும் என்றது. இரண்டு கூட்டமும் மக்கள்தான். எந்த ஒன்றும் மொத்த மக்கள் அல்ல.

மிகவும் கொண்டாடப்பட்டது, ஆகவே மிகவும் தவறாகப் படிக்கப்பட்டது, துருக்கியின் 2016 ஜூலை 15 இரவு. அது ஒரு வெள்ளிக்கிழமை. இரவு 10 மணிவாக்கில் சிப்பாய்கள் இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் பாலத்தை மறித்தார்கள். அரசுத் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வாசிப்பாளரைத் துப்பாக்கி முனையில் உட்காரவைத்து அறிக்கை வாசிக்கச் சொன்னார்கள். நாடாளுமன்றத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. நள்ளிரவுக்குச் சற்றுப் பின், அதிபர் எர்தோவான் சி.என்.என். துர்க் தொலைக்காட்சியில் தோன்றினார்: செய்தியாளரின் கைபேசித் திரையில், வீடியோ அழைப்பில், உள்ளங்கை அளவு முகமாக. தெருவுக்கு வாருங்கள் என்றார். மசூதி மினாரெட்டுகளிலிருந்து, வழக்கமாக மரணத்தை அறிவிக்க ஓதப்படும் 'சலா' நேரங்கெட்ட நேரத்தில் ஒலித்தது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சட்டையைக் கழற்றி டாங்கியின் பார்வைத் துளையை மூடினார்கள். அந்த இரவில் கவிழ்ப்பாளர்கள் நீங்கலாக சுமார் 250 பேர் உயிரிழந்தார்கள். அவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அதே இரவில் அதே நகரங்களில் ஏ.டி.எம். வாசலிலும் ரொட்டிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் நீண்ட வரிசைகள் நின்றன. நாளை என்ன ஆகுமோ, கையில் காசும் வீட்டில் ரொட்டியும் இருக்கட்டும் என்று நினைத்தவர்களும் துருக்கிக் குடிமக்களே. 1971, 1980 என்று அடுத்தடுத்துக் கவிழ்ப்புகளைப் பார்த்த தலைமுறைக்கு அது பழகிய எச்சரிக்கை. மறுநாள் நாடாளுமன்றத்தின் நான்கு கட்சிகளும் சேர்ந்து கவிழ்ப்பைக் கண்டித்துக் கையெழுத்திட்டன; எர்தோவானைக் கடுமையாக எதிர்த்த குர்துகளின் கட்சியான எச்.டி.பி.யும் அதில் ஒன்று. ஜூலை 24 அன்று தக்சிம் சதுக்கத்தில் எதிர்க்கட்சியான சி.எச்.பி. கூட்டிய பேரணியில் "கவிழ்ப்பும் வேண்டாம், சர்வாதிகாரமும் வேண்டாம்" என்பதே முழக்கம்.

கூட்டம்தான் கவிழ்ப்பை முறியடித்தது என்பதும் பாதி உண்மைதான். கானாவின் ராணுவக் கவிழ்ப்புகளை ஆராய்ந்த நௌனிஹால் சிங், 2014இல் வெளியான 'சீசிங் பவர்' நூலில் ஒரு விளக்கம் தருகிறார். கவிழ்ப்பு இரவில் பெரும்பாலான அதிகாரிகள் இரு தரப்பையும் சேராமல், யார் ஜெயிப்பார் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெயிப்பவர் இவர்தான் என்ற நினைப்பை முகாம்களுக்குள் பரப்புபவர் ஜெயிக்கிறார். வானொலி நிலையத்தை முதலில் பிடிப்பது அதற்காகத்தான். துருக்கியில் முதலாம் படைப்பிரிவின் தளபதி உமித் துந்தார் தொலைக்காட்சியில் வந்து, இது தலைமையின் உத்தரவல்ல என்று சொன்னது மதில்மேல் பூனைகளுக்குத் திசை காட்டியது. காவல் துறையும் அரசின் பக்கம் நின்றது. வெனிசுவேலாவில் மராக்காய் நகரப் பாராசூட் படையின் ஜெனரல் பதுவேல் சாவேஸ் பக்கம் நின்றிராவிட்டால் மாளிகை முன் கூடிய கூட்டத்தின் கதி என்ன என்று சொல்ல முடியாது. தயங்கும் சிப்பாய்க்கு எதிரே ஒரு கூட்டம் நிற்பது அவன் கணக்கை மாற்றும், சுட வேண்டியிருக்கும் என்ற எண்ணமே பல கைகளைப் பின்னுக்கு இழுக்கும். கூட்டத்தின் பங்கு அதுவரை உண்டு, அது சிறிய பங்கும் அல்ல. ஆனால் அது முகாம்களுக்கு அனுப்பிய சேதி. ஆட்சியாளருக்கு எழுதிக்கொடுத்த வெற்றுக் காசோலை அல்ல.

அந்தக் காசோலையாகத்தான் அதை எர்தோவான் அரசு மாற்றிக்கொண்டது. ஜூலை 20 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை இரண்டு ஆண்டு நீடித்தது. ஆணைகள் மூலம் 1,25,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலையிழந்தார்கள். கவிழ்ப்புக்குக் காரணமென்று அரசு குற்றம்சாட்டிய குலென் இயக்கத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத, குர்துப் பகுதியில் அமைதி கோரிக் கையெழுத்திட்ட பேராசிரியர்களும் அந்தப் பட்டியல்களில் இருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று யெனிகாப்பியில் நடந்த மாபெரும் ஒற்றுமைப் பேரணிக்குக் கண்டனத்தில் கையெழுத்திட்டிருந்த எச்.டி.பி.க்கு அழைப்பில்லை, நவம்பரில் அதன் இணைத் தலைவர்கள் இருவரும் கைதானார்கள். கேள்வி எழுந்தபோதெல்லாம் அரசுத் தரப்பின் பதில் ஜூலை 15 கூட்டத்தைச் சுட்டிக்காட்டுவதாகவே இருந்தது: மக்கள் அன்றே சொல்லிவிட்டார்கள். 'மௌனம் சம்மதம்' என்று ஜெனரல்கள் பேசும் மொழியும் இதுவும் ஒன்றே. இருவருக்கும் ஒரே ஓர் இரவு போதும். அடுத்த வாக்கெடுப்புவரை காத்திருக்கத் தேவையில்லை.

பாஸ்பரஸ் பாலத்துக்கு 'ஜூலை 15 தியாகிகள் பாலம்' என்று பெயர் மாற்றினார்கள். ஒன்பதே மாதத்தில், 2017 ஏப்ரல் 16 அன்று, நெருக்கடி நிலை அமலில் இருக்கும்போதே, அதிபருக்கு அதிகாரங்களைக் குவிக்கும் திருத்தம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. நாடு முழுவதும் 51.4 சதவீதத்தோடு அது தப்பிப் பிழைத்தது. பாலத்தின் இரு கரையிலும் விரிந்து கிடக்கும் இஸ்தான்புல்லிலும், குண்டு விழுந்த நாடாளுமன்றம் இருக்கும் அங்காராவிலும் 'வேண்டாம்' என்பதே பெரும்பான்மையாக இருந்தது. 2019இல் இஸ்தான்புல் மேயர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் இமாமோலு மயிரிழையில் வென்றார். அது செல்லாது என்று மறுதேர்தல் நடத்தினார்கள். ஜூன் 23 அன்று அவர் வென்ற வித்தியாசம் சுமார் 8 லட்சம் வாக்குகளாக ஏறியது.